'ண' சுழிக்குள் ஒரு கிளிக்

பத்தமடைக் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் கோரையிலேயே சேர்த்து நெய்து கொடுப்பார்கள். அப்படி ஒரு பாய்க்கான மாதிரியைக் கணினியில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் சிவப்புப் பட்டை, அதன்மேல் 'திருமணம்' என்ற எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே பாயைச் சுற்றி ஒரு கரை. இப்போது 'ண' மேல் மவுஸை வைத்து அமுக்கினால் எது அகப்பட வேண்டும்?

மவுஸ் சொல்வது இரண்டே எண்கள்தான்: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு. திரையிலும் வெறும் புள்ளிகள்தான் இருக்கின்றன. பட்டை எது, எழுத்து எது என்பதெல்லாம் நிரல் வைத்திருக்கும் பட்டியலில்தான் இருக்கிறது. வரையும்போது அந்தப் பட்டியலை அடியிலிருந்து மேலே படிக்கிறது. தேடும்போது மேலிருந்து கீழே இறங்குகிறது. "இந்தப் புள்ளி உன் மேலா?" என்று ஒவ்வொன்றையும் கேட்டு, முதலில் ஆமாம் சொல்வதிடம் கிளிக்கை ஒப்படைக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தாமிரபரணிக் கரையில் வளைந்து நெளிந்த ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வயலுக்குள் நிற்கிறீர்களா, வெளியிலா? ஏதாவது ஒரு திசையில் நேராக நடந்து, அந்த வயலின் வரப்பை எத்தனை தடவை தாண்டுகிறீர்கள் என்று எண்ணினால் போதும். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே.

சரி, 'ண'வின் சுழிக்கு நடுவில் நின்று நடந்து பாருங்கள். சுழியின் உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று. வழியில் வேறு கோடுகள் குறுக்கிட்டாலும் மொத்தம் இரட்டைப்படைதான். அப்படியென்றால் எழுத்துக்கு வெளியே! கிளிக் நழுவி, அடியில் கிடக்கும் சிவப்புப் பட்டையில் போய் விழும். கணக்கு சரி, ஆனால் வரைபவர் தொட நினைத்தது எழுத்தைத்தான். அதனால்தான் எஸ்விஜி (SVG, கோடும் வடிவமுமாகப் படத்தைச் சேமிக்கும் கோப்பு முறை) விதிமுறை, எழுத்து என்று வரும்போது விளிம்பைப் பார்க்காமல் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய கட்டம் முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. மெல்லிய கோட்டுக்கும் இதே கரிசனம் வேண்டும். சில பிக்சல் தள்ளி அமுக்கினாலும் கோட்டைத் தொட்டதாகவே நல்ல நிரல்கள் எடுத்துக்கொள்கின்றன.

கரையின் கதை வேறு. பாயைச் சுற்றிக் கோடு தெரிந்தாலும், நிரலுக்கு அது பாய் முழுவதையும் மூடும் ஒரு செவ்வகம். உள்ளே வண்ணமே இல்லை என்று சொல்லியிருந்தால், எஸ்விஜியில் கிளிக் அதைத் தாண்டி எழுத்துக்குப் போய்விடும். வண்ணம் கொடுத்து, ஒளிபுகும் தன்மையை முழுதாக வைத்திருந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அப்போது கிளிக்கைக் கரையே பிடித்துக்கொள்ளும். அடியில் எதைத் தொட்டாலும் அசையாது. நான் இதில் ஒரு மத்தியானம் முழுக்கச் சிக்கிக் கிடந்திருக்கிறேன். கிளிக்கை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லும் பாயின்ட்டர்-ஈவென்ட்ஸ் (pointer-events) பண்பை அந்தக் கரைக்கு 'நன்' (none, அதாவது வேண்டாம்) என்று வைத்தால் தீர்ந்தது. வரைபவருக்கும் ஒரு வழி உண்டு: இன்க்ஸ்கேப், கோரல்டிரா ஆகிய வரைகலை மென்பொருள்களில் ஆல்ட் விசையோடு கிளிக் செய்தால் அடுத்து அடியில் இருப்பது அகப்படும்.

அப்புறம் இழுப்பது. எழுத்தைப் பிடித்து வேகமாக இழுத்தால் மவுஸ் முந்திக்கொண்டு கரைமேல் போய்விடும். அப்போது மறுபடியும் "யார் மேல்?" என்று கேட்டால் எழுத்து பாதி வழியில் நின்றுவிடும். அதனால் அமுக்கிய நொடியிலிருந்து கையை எடுக்கும்வரை நிரல் யாரையும் கேட்பதில்லை. மவுஸ் எங்கே போனாலும் எல்லா அசைவும் அந்த 'ண'வுக்கே போய்ச் சேரும்.