கல்வெட்டில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள்

மறுபடியும் ஒரு வெள்ளை எழுத்துப் படம். ஜோர்டானின் எரிமலைக் கருங்கல் பாலைவனத்தில் எடுத்த சஃபாயிடிக் கல்வெட்டு (பழங்கால நாடோடிகள் பாறையில் கொத்திய, பழைய வட அரேபிய எழுத்துவகைகளில் ஒன்று). எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியவேண்டுமாம், சாக்பீஸை நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். இப்படிப் பதிவாவது கல்வெட்டு அல்ல. சாக்பீஸ் பிடித்தவர் அதை வாசித்த விதம்.

"பூசாமல் எப்படித் தெரியும்?" என்பார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த எழுத்துமுறையில் நூன் (ந/ன ஒலி) ஒரு குட்டைக்கோடு, லாம் (ல ஒலி) ஒரு நெட்டைக்கோடு. பெரும்பாலும் நீளம் ஒன்றுதான் வித்தியாசம். வாசகமோ 'இன்னாருடையது' என்று பொருள்படும் லாமில் தொடங்கி, 'ப்ன்' (மகன்) 'ப்ன்' என்று தலைமுறை தலைமுறையாக நீளும். சாக்பீஸ் ஒரு விரற்கடை வழுக்கினால் போதும், நூன் லாமாகிவிடும். யாரோ ஒருவருடைய பாட்டனுக்கு வேறு பெயர் வைத்தாயிற்று. இன்னொன்று: இந்தக் கல்லின் மேல்தோல் கறுப்பு, கொத்திய இடம் வெளிறியிருக்கும். பிற்காலத்தில் யாராவது தட்டிய தடம் இன்னும் வெளிறியிருக்கும். எது பழையது, எது புதியது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று அந்த நிறம்தான். அதன்மேல் வெள்ளையடித்துவிட்டு "கழுவினால் போய்விடும்" என்றால் என்ன சொல்வது? குழிகளுக்குள் போன தூள் போகாது. தேய்த்தால் மேல்தோல்தான் உரியும்.

வெளிச்சத்தைச் சாய்த்தாலே எழுத்து எழும். காலை, மாலை வெயிலில் எடுங்கள். உச்சி வெயில்தான் வாய்த்தது என்றால் குடையால் நிழல் கட்டி, பக்கவாட்டிலிருந்து ஃபிளாஷ் அடியுங்கள். அளவுகோலும் வண்ண அட்டையும் கல்லின் ஓரத்தில் இருக்கட்டும், எழுத்தின்மேல் வேண்டாம். வரி வளைந்து நெளிந்து எந்தத் திசையிலும் ஓடும் என்பதால் முழுக்கல்லையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கற்குவியலில் கிடக்கும் கல்லைப் புரட்டாதீர்கள். அது கல்லறையாக இருக்கலாம்.

தேய்ந்த கல்லுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ஒளியை நகர்த்தி எடுக்கும் முறை). கேமரா முக்காலியில் அசையாமல் நிற்க வேண்டும். விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று காட்ட, பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு உருண்டைகள் இரண்டு, படத்தில் ஒவ்வொன்றின் குறுக்களவும் 250 பிக்சலுக்குக் குறையாமல். கல்லின் மூலைவிட்டத்தைப் போல 2 முதல் 4 மடங்கு நீளத்துக்கு ஒரு கயிறு. விளக்கு எப்போதும் அந்தத் தூரத்திலேயே இருக்க வேண்டும். கல்லின் பரப்பிலிருந்து 15 முதல் 65 பாகை வரை கோணத்தை மாற்றி மாற்றி 48 படம். எக்ஸ்போஷர், ஃபோகஸ் இரண்டும் கைமுறையில். நடுவில் முக்காலியை யாராவது இடித்துவிட்டால் முதலிலிருந்து எடுங்கள், ஒட்டுப்போடும் வேலை வேண்டாம்.

எழுத்துப்பெயர்ப்பில் ஐயமான எழுத்துக்குக் கீழ்ப்புள்ளி, அழிந்துபோய் நீங்கள் ஊகித்து நிரப்பியதற்குச் சதுர அடைப்பு. கல்வெட்டுகளைப் பதிப்பிப்பவர்கள் 1931 முதல் பின்பற்றும் லைடன் குறியீட்டு மரபு இது. பழைய வட அரேபிய எழுத்துகளுக்கு 2014 முதல் யூனிகோடு இடமும் இருக்கிறது. தனி எழுத்துரு செய்து தராதீர்கள்.

தயவுசெய்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். நுண்கோடும் போய்விடும், இடக்குறிப்பும் போய்விடும். மூலக்கோப்பை அப்படியே அனுப்புங்கள்.

ஏற்கெனவே யாரோ பூசிவிட்ட கல் கண்ணில் பட்டால் கழுவ வேண்டாம். 'பூசப்பட்டது' என்று குறித்துக்கொண்டு, இருக்கிறபடியே எடுங்கள்.