உங்களுக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியும்

மேசையில் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒன்றுக்கு அடியில் ஒரு திராட்சை. வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பொனோபோவுக்கு (சிம்பன்சிக்கு நெருங்கிய சொந்தமான வாலில்லாக் குரங்கு) எந்தக் கிண்ணம் என்று தெரியும், ஒளித்து வைக்கும்போது பார்த்துக்கொண்டேதான் இருந்தது. எதிரே இருக்கும் மனிதருக்கு? சில தடவை அவரையும் பார்க்க விடுவார்கள், சில தடவை நடுவில் அட்டை வைத்து மறைத்துவிடுவார்கள். அப்புறம் அவர் “திராட்சை எங்கே?” என்று கேட்டுவிட்டுப் பத்து வினாடி சும்மா இருப்பார். அவர் கண்டுபிடித்துவிட்டால் திராட்சை பொனோபோவுக்கு.

அவர் பார்த்திருந்தால் அது பெரும்பாலும் பேசாமல் காத்திருக்கிறது. பார்க்கவில்லை என்றால் விரலை வலைக்குள் நுழைத்து, சரியான கிண்ணத்தைச் சுட்டுகிறது. அதுவும் சீக்கிரமாக, திரும்பத் திரும்ப.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லூக் டவுன்ரோவும் கிறிஸ்டோபர் குரூபென்யேயும் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு இது. இதில் எனக்குப் பிடித்தது இதன் எளிமைதான். கேள்வி ஒன்றே, பரிசு ஒன்றே, காத்திருக்கும் நேரமும் ஒன்றே. மாறுவது எதிரில் இருப்பவர் பார்த்தாரா இல்லையா என்பது மட்டும். ஆகவே விரல் நீளுவதும் நீளாததும் மாறினால், அவர் தலைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அந்தக் குரங்கு எப்படியோ கணக்கில் எடுக்கிறது என்று அர்த்தம். ‘அட்டையைக் கண்டால் கையை நீட்டு’ என்று வெறுமனே பழகியிருக்கலாமே என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமான சந்தேகம்தான். தவிர, கலந்துகொண்டவை மூன்றே மூன்று, மூன்றும் மனிதர்களோடு புழங்கி வளர்ந்தவை.

ஆனால் இது தனியாக நிற்கும் சான்று இல்லை. 2016-இல் குரூபென்யேயும் ஃபுமிஹிரோ கானோவும் பொனோபோ, சிம்பன்சி, ஒராங்குட்டான்களுக்கு ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டினார்கள். குரங்கு வேடம் போட்ட ஒருவன் ஒரு மனிதனை வம்புக்கு இழுத்துவிட்டு அவன் கண்ணெதிரே இரண்டு வைக்கோல் போர்களில் ஒன்றுக்குள் ஒளிகிறான். மனிதன் உள்ளே போன நேரத்தில் இடத்தைக் காலி செய்துவிட்டு ஓடிவிடுகிறான். மனிதன் கையில் கம்போடு திரும்பி வருகிறான். எந்தப் போரை அடிப்பான்? பார்த்துக்கொண்டிருந்தவற்றின் கண்கள் எங்கே போகின்றன என்று கருவி வைத்து அளந்தார்கள். பெரும்பாலானவை, ஆள் கடைசியாக ஒளிந்ததை மனிதன் பார்த்த போரை நோக்கித்தான் முன்கூட்டியே கண்ணைத் திருப்பின. அங்கே யாரும் இல்லை என்று அவற்றுக்குத் தெரியும், மனிதனுக்குத்தான் தெரியாது.

கிண்ண ஆய்வில் கலந்துகொண்ட மூன்று பொனோபோக்களில் ஒன்று கான்சி. இதன் வளர்ப்புத் தாய் மட்டாட்டாவுக்குக் குறியீட்டுப் பலகையில் (ஒவ்வொரு குறியும் ஒரு சொல்) சொற்களைக் கற்றுக்கொடுக்க ஆராய்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்கு ஏறவில்லை. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டிக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அம்மாவைக் கொஞ்ச நாள் வேறிடத்துக்குக் கொண்டுபோனதும் அது தானாகவே பலகையைத் தட்ட ஆரம்பித்தது! கிண்ண ஆய்வு வெளிவந்த அடுத்த மாதம், 44 வயதில், கான்சி இறந்துபோனது.

சரி, காட்டில் இந்தப் புத்தி எதற்கு? பொனோபோக்கள் இயற்கையாக வாழ்வது காங்கோ ஜனநாயகக் குடியரசில் மட்டும், காங்கோ ஆற்றுக்குத் தெற்கே. சிம்பன்சிகள் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டுக்கும் நீச்சல் வராது. சிம்பன்சிக் கூட்டத்தில் ஆணுக்குத்தான் மேல்கை. பொனோபோவிலும் ஆணின் உடம்பு பெரிதுதான், இருந்தும் பல கூட்டங்களில் பெண்கள் சொல்வதுதான் நடக்கிறது. இத்தனைக்கும் பருவமடையும் வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வந்து சேர்ந்த பெண்கள் அவை, ஒன்றுக்கொன்று ரத்த உறவு பெரும்பாலும் கிடையாது. ஆறு கூட்டங்களில் முப்பது ஆண்டுகள் சேர்த்த தகவல்களை அலசி மார்ட்டின் சர்பெக் குழு 2025-இல் சொன்னது: பெண்கள் கூட்டுச் சேர்ந்த தருணங்களில் 85 விழுக்காட்டில் அவை எதிர்த்தது ஆணை. அந்நியர்களோடு கூட்டணி போட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்றால் யார் எங்கே, யார் யாரோடு என்பதை மனதில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பது என் ஊகம். ஞாபகமும் அப்படித்தான். ஜப்பானில் லூயிஸ் என்ற பெண் பொனோபோ, தான் பார்த்து 26 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட சகோதரியையும் உடன்பிறப்பின் மகன் ஒன்றையும் திரையில் காட்டியபோது, பக்கத்தில் இருந்த அந்நிய முகத்தை விட்டுவிட்டு அவற்றையே அதிகம் பார்த்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ‘சாது’ என்ற பழைய முத்திரையைக் குத்த வேண்டாம். ஆண் பொனோபோக்கள் தங்களுக்குள் சண்டை போடுவது சிம்பன்சிகளைவிட அதிகம் என்று 2024-இல் ஒரு ஒப்பீடு சொன்னது, ஆனால் கொலைவரை போவதில்லை. இன்னொருவருக்கு உதவுகிறவரையும் அவரைத் தடுக்கிறவரையும் காட்டினால், பொனோபோ தடுக்கிறவர் பக்கம் போகிறது. அந்தக் கிண்ணத்தைச் சுட்டிய விரலையும் உதவி என்று நான் சொல்ல மாட்டேன், திராட்சை கடைசியில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.