புதிய சேஸிஸ் வாங்கினால் பழைய துரு போய்விடாது

துரு தின்ற பழைய காரை ஆசைப்பட்டு வாங்கி, அதன் அடிப்பாகத்தை கேஸ் கட்டரால் அறுத்து எறிந்துவிட்டு, மேற்பகுதியை மட்டும் வேறொரு புதிய வண்டியின் சேஸிஸ் (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) மீது உட்கார வைத்து, "பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது, மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் அண்மைக்காலமாகப் பெருகிவிட்டார்கள். கடைசியாக வந்தது ஓர் அம்பாசடர் மார்க் 2. தரைத்தகடு முழுவதும் வெட்டப்பட்டு, ஒரு பிக்கப் வண்டியின் சேஸிஸ் மீது எட்டு இடங்களில் ஆர்க் வெல்டிங் வைத்து நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு கதவுகளில் ஒன்றுகூடச் சாத்தவில்லை. உரிமையாளர் என்னிடம் கேட்டதோ, எந்த வெள்ளை நிறம் அந்தக் காலத்து நிறத்தோடு ஒத்துப்போகும் என்று. அவருக்கு நேரில் சொன்னதை, இனி வரப்போகிறவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: சேஸிஸ் கெட்டியாக இருந்தால் வண்டி கெட்டியாக இருக்கும், பாடி என்பது அழகுக்காக மேலே கவிழ்த்த தகடு. லாரிக்கு இது ஓரளவு பொருந்தும். ஜீப், ஜிப்ஸி, போலேரோ போன்ற வண்டிகளில் ஏணி வடிவச் சேஸிஸ் தனியாகவும் பாடி தனியாகவும் இருப்பதால் அவற்றுக்கும் பாதி பொருந்தும். ஆனால் அம்பாசடருக்கோ, ஃபியட் 1100-க்கோ, அதன் வழியில் வந்த பிரீமியர் பத்மினிக்கோ இது எள்ளளவும் பொருந்தாது. ஏனென்றால் அந்த வண்டிகளில் சேஸிஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. "பழைய வண்டி, கனமான வண்டி, அதனால் அடியில் சேஸிஸ் இருக்கும்" என்று வாதிடும் வாடிக்கையாளர்களை லிஃப்டுக்கு அடியில் அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன். பார்த்த பிறகும் சிலர் நம்புவதில்லை.

அந்த வண்டிகளில் பாரத்தைத் தாங்குவது பாடிதான். தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பேனல், குறுக்குச்சட்டங்கள், கூரையைத் தாங்கும் தூண்களான பில்லர்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஒரே பெட்டியாக நிற்கின்றன. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிப்புத்தான். தனியே எடுத்தால் கையாலேயே வளைத்துவிடலாம். அவை மூடிய பெட்டிகளாக மடித்து இணைக்கப்பட்டிருப்பதால்தான் ஐந்து பேரையும் எஞ்சினையும் சுமக்க முடிகிறது. அம்பாசடரின் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொடுக்கும் கம்பியான டார்ஷன் பாரின் பின்முனை தரைக்கு அடியிலுள்ள குறுக்குச்சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளும் பாடியிலேயே தொங்குகின்றன. தரையை அறுத்து எறிந்தவுடன் இந்தப் பெட்டி திறந்துகொள்கிறது. கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து வெல்டு செய்து பிடித்துக்கொள்ளாமல் அறுத்தால், பில்லர்கள் தம் இடத்தைவிட்டு விலகிவிடும். கதவுகள் சாத்தாமல் போனதற்குக் காரணம் அதுதான். கீலைத் தட்டி நிமிர்த்தினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு வாரம் தட்டியிருக்கிறார்கள்.

சரி, பெட்டி போனால் போகட்டும், அடியில்தான் முரட்டுச் சேஸிஸ் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே எட்டு இடங்களில்தான் தொடர்பு. முன்பு சில் பேனலின் முழு நீளத்திலும் பரவியிருந்த விசை, இப்போது உள்ளங்கை அளவுள்ள எட்டு இடங்களில் குவிகிறது. அந்த எட்டு இடங்களிலும் இருப்பது துரு அரித்து மெலிந்த பழைய தகடு. இருக்கையும் சீட் பெல்ட்டும் பிடித்திருப்பது சேஸிஸை அன்று, பாடித் தகட்டை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். வண்டி எதன்மீதாவது மோதினால் சேஸிஸ் வளையாமல் நிற்கலாம். அதன் மேலிருக்கும் கூடு கிழிந்துகொண்டு முன்னே போகும், ஆள்களோடு சேர்த்து. செல்லரித்த கதவைப் புது நிலையில் மாட்டினால் வீட்டுக்குக் காவல் கிடைத்துவிடுமா என்று நான் கேட்பதுண்டு. சிரிப்பார்கள், பிறகு பெயின்ட் பற்றியே பேசுவார்கள்.

சேஸிஸ் தனியாக உள்ள வண்டிகளில் இந்த வேலைக்கு இடமுண்டு, ஆனால் நினைப்பதைவிட மிகக் குறைவு. நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் நடப்பது பழைய ஜீப்பின் பாடியைப் போலேரோ சேஸிஸ் மீது ஏற்றுவதுதான். வில்லிஸ் காலத்துக் குட்டை ஜீப்பின் முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். போலேரோவில் அது 2680. சேஸிஸின் நடுவிலிருந்து 65 சென்டிமீட்டர் அளவுக்கு அறுத்து எடுக்காமல் பாடி உட்காராது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் போலேரோவில் கூடுதல் என்பதால் அவை மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அறுப்பது எளிது. ஒட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பக்கத்து நீளச்சட்டங்களையும் ஒரே நேர்கோட்டில் வெட்டி, முனையோடு முனையை வைத்து, ஒரு சுற்று வெல்டு போட்டு, கிரைண்டரால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். ஆனால் சட்டம் ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும் உறுப்பு. அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும்தான் இழுவிசையும் அழுத்தமும் மிகுதி. நேர்க்கோட்டு வெல்டு அந்த விளிம்பைக் குறுக்கே கடக்கும்போது, அதன் ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு தொடங்கி உள்நோக்கி வளரும். தேய்த்துவிட்ட வெல்டில் தடிப்பும் குறைந்துவிடுவதால் அந்த வெடிப்பு இன்னும் விரைவாக வளரும். இதைச் செய்தே ஆகவேண்டிய இடத்தில், வெட்டு சாய்வாகவோ படியாகவோ இருக்கவேண்டும்; இரண்டு பக்கத்து வெட்டுகளும் ஒரே இடத்தில் வரக்கூடாது; உள்ளே சட்டத்தோடு பொருந்தும் உறைத்தகடு வைக்கவேண்டும்; வெளியே ஒட்டும் தகட்டின் முனைகள் கூம்பியிருக்கவேண்டும்; வேலை நடக்கும்போது சட்டம் அசையாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் பூட்டப்பட்டு, மூலைக்கு மூலை அளவு பார்க்கப்படவேண்டும். கேஸ் வெல்டிங்கால் சிவக்கச் சூடாக்கி வளைப்பது எந்த நிலையிலும் கூடாது. இவற்றைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் பட்டறையிடம் சேஸிஸைக் கொடுக்காதீர்கள்.

சேஸிஸ் குறுகியதும் எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் கணக்கு மாறுகின்றன. முன்பு கனமான பாடியைச் சுமந்த பின்சக்கரங்கள் இப்போது லேசான ஜீப்புக்கு அடியில் இருப்பதால், வேகமாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் இது எப்படி முடியும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

ஒரு வண்டியை மட்டும் இந்தக் கோபத்திலிருந்து விலக்கி வைக்கிறேன். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரில், அந்தக் காலத்து மற்றக் கார்களைப் போலன்றித் தனிச் சேஸிஸ் உண்டு. பாடியின் பகுதிகள் போல்ட்டுகளால் அதன்மீது பொருத்தப்பட்டிருக்கும். சேஸிஸ் முற்றிலும் அரித்துப்போன ஹெரால்டை, கடலோரக் கொட்டகையில் நின்று பாடி மட்டும் வீணான இன்னொரு ஹெரால்டின் நல்ல சேஸிஸ் மீது மாற்றுவது முறையான வேலை. பின்னாளில் வந்த கேஸல் காரின் சேஸிஸும் அதே குடும்பம்தானே என்று எடுத்துவருகிறார்கள். அதில் பின்அச்சின் அமைப்பு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இனி ஆர்.சி. புத்தகத்துக்கு வருவோம். வண்டியின் அடையாளம் சேஸிஸ் எண்ணில் இருக்கிறது. புதிய சேஸிஸைப் போட்டால் உங்கள் 1962 ஜீப்பின் ஆர்.சி.யில் உள்ள எண் அந்த வண்டியில் இருக்காது. அதற்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி, பழைய எண் உள்ள துண்டை வெட்டியெடுத்துப் புதிய சேஸிஸில் ஒட்டவைப்பது. இதை என்னிடம் தயக்கமே இல்லாமல் கேட்கிறார்கள். செய்யமாட்டேன், யாரும் செய்யக்கூடாது. திருட்டு வண்டிகளுக்குச் செய்யப்படும் வேலையும் இதுவேதான், பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55(5) பிரிவின்படி, வண்டியில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறுபட்டால் பதிவையே ரத்து செய்யலாம். உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் 52-ஆவது பிரிவை விளக்கித் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு சட்டத்தில் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. ஆர்.சி.யில் அச்சிடைவெளியும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் வாகன ஆய்வாளர் ஓர் அளவு நாடாவை வைத்தே உங்களைப் பிடித்துவிடுவார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுவே.

"வின்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாமே" என்பது அடுத்த யோசனை. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை 20,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும், பத்தாண்டுகள் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவத்தில் பேணப்பட்டிருக்கவேண்டும் என்பதும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ செய்த மாற்றம் பெருமாற்றமாகக் கருதப்படும் என்பதும் அதே விதிகளில் உள்ளன. ஆகவே பழைய காரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சேஸிஸை மாற்றியவர், அந்தக் காருக்குச் சட்டம் திறந்துவைத்த ஒரே கதவையும் தானே சாத்திவிடுகிறார்.

துருவை எங்கே பார்ப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயின்டைப் பார்க்காதீர்கள். தரைவிரிப்பைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பாருங்கள், சில் பேனலின் அடியில் பழைய திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே தகடு இல்லை, தாரும், ஓட்டையை மறைக்கப் பூசும் பட்டியும்தான் இருக்கின்றன. துணியில் சுற்றிய காந்தத்தை நகர்த்தினால் பட்டி உள்ள இடத்தில் அது நழுவும். போர்க்கால வில்லிஸ் ஜீப் என்றால் தரைக்கு அடியிலுள்ள மடிப்புச் சட்டங்களைக் கட்டாயம் பாருங்கள்; அவற்றுக்குள் வைத்திருந்த மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரித்திருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இரண்டு தகடுகள் சேரும் இடம் உப்பியிருந்தாலே அங்கே நிலைமை மோசம்.

வீட்டுக் கொட்டகையில் தாமே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெகுதொலைவில் வையுங்கள். காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, அதன்மீது வெல்டிங் தீப்பொறி படவே கூடாது. புதிய சேஸிஸோடு எலெக்ட்ரானிக் கருவிகளும் வந்திருந்தால் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசியாக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் நிச்சயமாகக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், காற்றுக்குழாயால் ஊதாதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்தால் வரும் புகை அன்று இரவே காய்ச்சல் தரும். ஜாக்கி மட்டும் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

துரு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த வண்டியின் சொந்தச் சட்டத்தை, அல்லது சொந்தத் தரையை, பகுதி பகுதியாக வெட்டிப் புதுத்தகடு வைத்து மீட்பதே பெரும்பாலும் சரியான வழி. ஒரு பக்கத்துச் சில் பேனலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது மெதுவான வேலைதான். மூடிய சட்டங்களின் உள்ளறைகளுக்குள் துரு பிடிக்காமலிருக்க மெழுகு ஊற்றி முடிக்கும்வரை மாதக்கணக்கில் ஆகும், செலவும் சேஸிஸ் மாற்றத்தைவிடக் கூடலாம். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் வண்டியை உள்ளபடியே, தயாராக இருக்கும் ஒருவருக்கு விற்றுவிடலாம். தயாராக இருப்பவர்கள் வண்டியை என்னிடமோ வேறு நல்ல பட்டறைக்கோ கொண்டுவரும்போது, தயவுசெய்து பட்டி வைக்காமல், தார் அடிக்காமல், எதையும் அறுக்காமல், ஆர்.சி. புத்தகத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.