ஐந்துக்கு எதிராக ஐந்தேகால்

நாடுகளைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டான ‘சிவிலைசேஷன் 4’ ஆடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “போன ஆட்டத்தில் ஆறு கோடரி வீரர்களோடு போய் அண்டை நாட்டுத் தலைநகரை ஓர் இழப்பும் இல்லாமல் பிடித்தேன். இந்த முறையும் அதே ஆறு பேர். ஊருக்குள் இருந்தவர்கள் இரண்டே இரண்டு வில்லாளிகள். பாதிப் படை அழிந்துவிட்டது. கணினி ஏமாற்றுகிறதா?”

ஏமாற்றவில்லை. 2005இல் வந்த இந்த விளையாட்டில் முதல் போர்கள் ஏன் அவ்வளவு சுலபமாகவோ அவ்வளவு கொடூரமாகவோ முடிகின்றன என்பதற்கான விடை, 17ஆம் நூற்றாண்டுச் சூதாட்டக் கணக்கு ஒன்றில் இருக்கிறது.

அடிப்படை எளிது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பலமும் 100 உயிர்ப் புள்ளிகளும் உண்டு. சண்டை பல சுற்றுகளாக நடக்கிறது. ஒரு சுற்றில் நீங்கள் வெல்லும் வாய்ப்பு, உங்கள் பலத்தை இருவரின் மொத்தப் பலத்தால் வகுத்தால் வரும் எண். பலமானவன் அடித்தால் அதிகப் புள்ளி போகும், மெலிந்தவன் அடித்தால் குறைவு. யாருடைய புள்ளிகள் முதலில் தீர்கின்றனவோ அவர் செத்தார்.

கோடரி வீரனின் பலம் 5. ஊரைக் காக்கும் சாதாரண வீரனின் பலம் 2. நகரத்துக்குள் இருப்பதற்கு 25 சதவீதம், சில முறைகள் அசையாமல் அரண் போட்டு நிற்பதற்கு 25 சதவீதம் என அவனுக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது. ஆனால் கைகலப்புப் படைகளுக்கு எதிராகக் கோடரிக்கு 50 சதவீதம் சலுகை உண்டு. அது இந்தக் கூடுதலைத் துடைத்துவிடுகிறது. ஆக, ஐந்துக்கு இரண்டு. ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு ஏழில் ஐந்து. கோடரியின் ஓர் அடி 30 புள்ளி, எதிரியின் அடி 12 புள்ளி. நீங்கள் நான்கு அடி அடித்தால் போதும். அவன் ஒன்பது அடி அடிக்க வேண்டும்.

நான்கு வெற்றி முதலில் வருமா, ஒன்பது தோல்வி முதலில் வருமா? 1654இல் பிரெஞ்சுக் கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதித் தீர்த்துக்கொண்டது ஏறத்தாழ இதே கேள்வியைத்தான். பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டம்; ஒருவருக்கு இன்னும் இத்தனை வெற்றி வேண்டும், மற்றவருக்கு அத்தனை வேண்டும்; பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? ஃபெர்மாவின் உபாயம் எனக்கு எப்போது நினைத்தாலும் இனிக்கும். ஆட்டம் நடுவில் முடிந்துவிடும் என்பதையே மறந்துவிடுங்கள் என்கிறார் அவர். நான்கும் ஒன்பதும் சேர்ந்து பதின்மூன்று, அதில் ஒன்று குறைத்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு சுற்றையும் முழுமையாக ஆடிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். அவற்றில் நான்கையாவது நீங்கள் வென்றிருந்தால் எதிரிக்கு ஒன்பது வர இடமே இல்லை. எந்த வரிசையில் வென்றீர்கள் என்ற குழப்பம் முழுவதும் போய்விடுகிறது, எண்ணினால் போதும். எண்ணிப் பார்த்தால், கோடரி வீரன் தோற்பது ஆயிரம் சண்டைகளில் சுமார் ஒன்று.

இதையே ஒரே உருட்டலில் தீர்த்திருந்தால் ஏழு சண்டையில் இரண்டு தோல்வி. 1991இல் வந்த முதல் ‘சிவிலைசேஷன்’ அப்படித்தான் தீர்த்தது; ஈட்டிப் படை போர்க்கப்பலை வீழ்த்திய கதைகள் அங்கிருந்து வந்தவை. சண்டையைச் சுற்றுகளாக உடைத்ததும் மிதமான அனுகூலம் ஏறக்குறைய நிச்சயமாகிவிடுகிறது. (சூதாட்டப் பணத்தைப் பிரிக்கும் கணக்கிலிருந்து நிகழ்தகவுக் கோட்பாடே வளர்ந்தது. இதற்கு நிதி கேட்டு இன்று யாராவது விண்ணப்பித்தால், ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவார்கள் என்று தெரியவில்லை.)

இப்போது வில்லாளி. அவன் பலம் 3தான். ஆனால் நகரக் காவலுக்கு 50 சதவீதம், அரணுக்கு 25. கோடரியின் சலுகை வில்லுக்கு எதிராகச் செல்லாது. மொத்தம் 5.25. ஐந்துக்கு எதிராக ஐந்தேகால், கிட்டத்தட்ட சமம் என்றுதான் தோன்றும். சுற்றை வெல்லும் வாய்ப்பும் 48.8 சதவீதம். கொஞ்சம் குனிந்து பார்த்தால்தான் விஷமம் தெரியும். சமபலத்தில் ஓர் அடிக்கு 20 புள்ளி போகும். ஐந்து அடியில் ஆள் காலி. இங்கே கோடரியின் அடி 19.5 என்று வருகிறது. விளையாட்டு பின்னத்தை வெட்டிவிட்டு 19 என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்து அடி அடித்த பிறகும் வில்லாளியிடம் 5 புள்ளி மிச்சமிருக்கும். ஆறாவது அடி தேவை. அவனுக்கோ ஐந்து போதும். ஃபெர்மாவின் வழியில் பத்துச் சுற்றில் ஆறை வெல்ல வேண்டும்: வாய்ப்பு சுமார் 35 சதவீதம். வில்லாளிக்கு உள்ள ‘முதல் அடி’ சலுகை, அதாவது திருப்பி அடி வாங்காமல் முதலில் அடித்துப் பார்க்கும் வாய்ப்பு, அதையும் இறக்கும். குன்றின் மேல் ஊர் இருந்தால் பேசவே வேண்டாம்.

ஆறு பேரில் சிலர் எப்படியும் மிஞ்சியதற்குக் காரணம் இருக்கிறது. தோற்ற கோடரி வீரன் வெறுமனே சாவதில்லை. அவனிடம் இரண்டு அடி வாங்கிய வில்லாளிக்கு 62 புள்ளிதான் மீதம். அடுத்த சண்டைக்கு அவன் பலமும் அதே விகிதத்தில் 3.26 ஆகக் குறைகிறது. இரண்டாவது ஆள் போகும்போது சுற்றுக்கு 60 சதவீதம் உங்கள் பக்கம். எனவே எதிரி வில்வித்தை கற்பதற்கு முன் போனால் மூன்று பேர் போதும். பிந்திவிட்டால், ஒரு வில்லாளிக்கு இரண்டு மூன்று பேர் என்று எண்ணிக் கூட்டிப் போக வேண்டும்.

சேமித்த ஆட்டத்தைத் திரும்பத் திறந்து, நல்ல நேரம் வரும் என்று மறுபடி மோதுபவர்கள் ஏராளம். சமவாய்ப்பு எண்களின் விதையும், அதாவது அந்த எண்கள் எல்லாம் பிறக்கும் தொடக்க எண்ணும், ஆட்டத்தோடு சேர்த்தே சேமிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அந்த அமைப்பை மாற்றாதவரை, அதே தாக்குதலை அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான் வரும். ராகுகாலம் பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. 2010இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், ‘சிவிலைசேஷ’னை உருவாக்கிய சிட் மெய்யர் இந்த மனப்போக்கைப் பற்றிப் பேசினார்: மூன்றுக்கு ஒன்று என்ற அனுகூலத்தில் தோற்றால் ஆட்டக்காரர்கள் கொதிக்கிறார்கள், ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் தாங்கள் வென்றால் வாயே திறப்பதில்லை.

சரி, பிடிப்பது லாபமா? புதிய ஊர் அமைக்கும் குடியேறிகளை உருவாக்க 100 உற்பத்திப் புள்ளி; அதுவரை உங்கள் ஊரும் வளராது. மூன்று கோடரி வீரர்களுக்கு 105. சரியான நேரத்தில் போனால் அந்த மூவரும் வளர்ந்த நகரத்தைக் கொண்டுவருவார்கள், உயிரோடும் இருப்பார்கள், அடுத்த ஊருக்கும் நடப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நகரத்துக்கும் தலைநகரிலிருந்து உள்ள தூரத்தையும் மொத்த நகரங்களின் எண்ணிக்கையையும் பொறுத்துப் பராமரிப்புச் செலவு ஏறும். ஐந்தாறு ஊர்களை அவசரமாக விழுங்கியவர் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் நிறுத்தியும் கஜானாவை நிரப்ப முடியாமல் திணறுவார். கஜானா வற்றினால் படைகள் வேலைநிறுத்தம் செய்து ஒவ்வொன்றாகக் கலைந்துபோகும்.