பிரேஸ் சின்னதாகிவிட்டது: ஏடிஐபி திட்டத்தின் மூன்றாண்டு விதி

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸுக்கு உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டியான தாங்கியான பிரேஸ், வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டுதான் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி (ADIP) திட்டத்திலோ, ஒரே தேவைக்கு மறுபடி உபகரணம் வாங்க 3 ஆண்டு இடைவெளி வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அது 1 ஆண்டு. பெண் பிள்ளைகள் மளமளவென்று உயர்வது 11 முதல் 13 வயதில். ஆண் பிள்ளைகள் இன்னும் ஓரிரு ஆண்டு கழித்து. சலுகை முடிகிற வயதில்தான் தேவை கூடுகிறது.

தொண்டு நிறுவனமோ உள்ளாட்சியோ கொடுத்த பிரேஸும் இந்த 3 ஆண்டுக் கணக்கில் சேரும். அதனால் எது, எப்போது கிடைத்தது என்பதற்கான சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோரின் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழு உதவி, 30,000 வரை பாதி. குறைந்தது 40% ஊனம் என்ற சான்றிதழ் கட்டாயம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிரேஸ் போடும் கட்டத்தில் வளைவு பொதுவாக 25 முதல் 40 டிகிரி இருக்கும். அந்தக் கோணத்தை மட்டும் வைத்து 40% கிடைப்பது அரிது. மூளை முடக்குவாதம், தசை நோய் போன்றவற்றோடு வந்த வளைவு என்றால் வாய்ப்பு அதிகம். ஆகவே ஊனச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவின் மதிப்பீட்டை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

பிரேஸ் பத்தவில்லை என்பதை உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பட்டைகள் பழைய குறி வரை வருவதில்லை, இடுப்பெலும்பில் கடிக்கிறது, கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோளாறும் உண்டு: உடல் நீண்டுவிட, வளைவை அழுத்தித் தள்ள உள்ளே வைத்திருக்கும் பேட் வளைவின் உச்சிக்குக் கீழே அழுத்தத் தொடங்கும். பிள்ளைக்கு வலிக்காது, ஆனால் வளைவும் நேராகாது. பிரேஸோடு எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் இது பிடிபடும்.

உடனே புதிதுக்கு ஓட வேண்டாம். பொருத்தியபின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்வது வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்று திட்டமே சொல்கிறது. ஓரத்தைச் சூடாக்கி விரிப்பது, பேடை நகர்த்துவது, பட்டை மாற்றுவது எல்லாம் பழுதுபார்ப்பு. புது உபகரணம் அல்ல. இதைக் கேட்கும்போது விண்ணப்பிக்க வந்ததாகச் சொல்லாமல், "சரிசெய்ய வந்தோம்" என்று சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் அறுக்காதீர்கள். அழுத்தம் இடம் மாறிவிடும்.

சரிசெய்ய இயலாது என்றால், புது பிரேஸ் ஏன் தேவை என்று விளக்கும் கடிதத்தை மருத்துவரிடம் வாங்குங்கள். பழைய பிரேஸ் கொடுத்த தேதி, அன்றைய உயரமும் இன்றைய உயரமும், இரண்டு எக்ஸ்ரேயின் கோணங்கள், இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "பிரேஸ் தேவை" என்ற ஒற்றை வரிச் சீட்டு போதாது.