கோடிக்கு ஏலம் போன ஓவியங்களும் உங்கள் சேமிப்பும்

ஏதாவது ஓர் ஓவியம் கோடிக்கணக்கான டாலருக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தால் போதும், அடுத்த சில நாட்களுக்கு எனக்கு அழைப்புகள் கூடிவிடும். ஓவியங்களுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். "பெரிய ஓவியரோட படம் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கிப் போடலாமா?" என்பதுதான் முக்கால்வாசி பேருடைய கேள்வி. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே விலையில் மயங்கிவிட்டார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அந்த விலையையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2017 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற நிறுவனம் நடத்திய ஏலத்தில், லியோனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சல்வதோர் முண்டி' ஓவியம் 45 கோடியே 3 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் ஏலம் கேட்பது முடிந்து சுத்தியல் விழுந்தது 40 கோடியில். மீதி 5 கோடிக்கு மேல் இருக்கிறதே, அது வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணம். செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டணத்தையும் சேர்த்த தொகைதான். விலை குறைந்த படங்களுக்கு இந்தக் கட்டணம் சதவீதக் கணக்கில் இன்னும் அதிகம். கால் பங்கைத் தாண்டுவதும் உண்டு. விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். ஆக, இன்று ஏலத்தில் வாங்கி நாளையே அதே விலைக்கு விற்றாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

இதே படம் 2005-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஏலத்தில் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குப் போயிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்றால், பல ஆண்டுகள் சுத்தம் செய்து சீரமைத்தார்கள், நிபுணர்களிடம் காட்டினார்கள், 2011-ல் லண்டன் நேஷனல் கேலரி தன்னுடைய லியோனார்டோ கண்காட்சியில் அதை வைத்தது. விலை ஏறியதற்குக் காரணம் "இது லியோனார்டோ டா வின்சி கையால் வரைந்தது" என்ற தீர்ப்புதான். முழுக்க அவர் வரைந்ததுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

அப்புறம் கேரண்டி என்று ஒன்று இருக்கிறது. ஏலத்துக்கு முன்பே ஏல நிறுவனமோ வெளியாள் ஒருவரோ "இந்தத் தொகைக்குக் குறையாது" என்று விற்பவருக்கு உறுதி கொடுத்துவிடுவார்கள். வேறு யாரும் கூடுதலாகக் கேட்காவிட்டால் அந்த வெளியாளே எடுத்துக்கொள்வார், கேட்டால் அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். 'சல்வதோர் முண்டி'க்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அரங்கில் கைகள் மளமளவென்று உயர்வதைப் பார்க்கும் நமக்கு இது கண்ணில் படாது. ஏல அட்டவணையில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குறியீடு மட்டும் இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

நஷ்டக் கதைகள் செய்தியில் அடிபடுவது குறைவு. 'சல்வதோர் முண்டி'யை விற்ற ரஷ்யக் கோடீஸ்வரர் ரிபோலோவ்லேவ், பால் கோகான் வரைந்த ஒரு நிலக்காட்சியை 5.4 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்தார். 2017-ல் லண்டனில் அது சுமார் 2 கோடி பவுண்டுக்குப் போனது, வாங்கியதில் பாதிகூடத் தேறவில்லை. 1987-ல் வான்கோவின் 'ஐரிஸ்' 5.39 கோடி டாலருக்கு விற்று உலகமே வாயைப் பிளந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பணத்தை ஏலம் நடத்திய சதபீஸே வாங்குபவருக்குக் கடனாகக் கொடுத்திருந்தது பின்னால்தான் வெளியே வந்தது. அவரால் கடனைக் கட்ட முடியவில்லை, படம் கடைசியில் அமெரிக்காவில் உள்ள கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, இதெல்லாம் பெரிய பணக்காரர்கள் பாடு என்று நீங்கள் நினைக்கலாம். என்னிடம் வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காகிதத்தில். ஓவியம் யார் யாரிடம் கைமாறி வந்தது என்ற வரலாறு இல்லாமல் விலை இல்லை என்பது பொய்ப்படம் செய்பவர்களுக்கும் தெரியும், அதனால் அவர்கள் வரலாற்றையும் சேர்த்தே தயாரிப்பார்கள். போலி ஓவியங்கள் வரைந்து விற்றதற்காக ஜெர்மனியில் 2011-ல் தண்டனை பெற்ற வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, பழைய சேகரிப்பாளர் ஒருவருடைய பெயரில் லேபிள் அடித்துப் படங்களின் பின்புறம் ஒட்டினார். தன் மனைவிக்குப் பாட்டி வேடம் போட்டு, பின்னால் தன் போலி ஓவியங்களை மாட்டி, பழைய புகைப்படம் போலவே எடுத்தும் வைத்தார். 1914-ஆம் ஆண்டுப் படம் என்று விற்ற ஒன்றில் டைட்டேனியம் வெள்ளை நிறமி இருந்தது. அந்த நிறமி அப்போது சந்தைக்கே வரவில்லை. அங்கேதான் மாட்டினார். அதுவரை கெட்டிக்கார நிபுணர்களும் நம்பியிருந்தார்கள், நாம் எந்த மூலைக்கு?

எனவே விற்பவர் நீட்டும் 'அசல் சான்றிதழ்' என்னை அசைப்பதில்லை. அதை எழுதியவர் யார், அந்த ஓவியரைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி என்றுதான் முதலில் பார்ப்பேன். ஓவியரின் முழுப் படைப்புப் பட்டியல் வெளிவந்திருந்தால் அதில் இந்தப் படம் இருக்கிறதா என்று தேடுவேன், திருட்டுப் படங்களின் பதிவேட்டில் இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். படத்தின் தற்போதைய நிலை பற்றி எழுத்தில் அறிக்கை கேளுங்கள். எங்கே கிழிந்தது, எங்கே மேல்பூச்சு பூசினார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்கிற வியாபாரியிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அச்சுப் பிரதிகளுக்குக் கொட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி ஆயிரக்கணக்கான வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அவற்றில் பிறகு என்னென்னவோ அச்சாகியது. கையெழுத்து நிஜம்தான், படத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதை யாராலும் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. டாலி அச்சுப் பிரதி என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் அது எந்த ஆண்டு, எந்த அச்சகம், மொத்தம் எத்தனை பிரதிகள் என்று கேட்பேன், பாதிப் பேர் அத்தோடு கிளம்பிவிடுவார்கள்.