அலெக்ஸாவின் காது: மிக்சி ஓடும் வீட்டில் ஒரு குரலைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் ஒன்று சொல்கிறோம், அது வேறொன்று செய்கிறது. உடனே "இதுக்கு மூளை பத்தாது" என்று முடிவுகட்டி விடுகிறோம். ஆனால் பல நேரங்களில் கோளாறு மூளையில் இல்லை, காதில்தான். குரல் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும் முதல் சில மில்லி விநாடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதிச் சிக்கலை ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தே தீர்த்துவிடலாம்.

கைபேசியில் பேசும்போது வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 செ.மீ. இருக்கும். ஹாலில் வைத்த ஸ்பீக்கரோ 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் குறையும். இங்கே தூரம் 20 மடங்கு. ஆகவே 26 டெசிபல் இழப்பு. அதாவது, கைபேசிக்குக் கிடைக்கும் ஒலி ஆற்றலில் 400-இல் ஒரு பங்குதான் ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை என்று நம் வீடுகளில் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. நேராக வரும் குரல் தூரத்தோடு தேய்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ அறை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிரம்பி நிற்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் நேரான குரலைவிட எதிரொலியே பெரிதாகிவிடும். அப்போது ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. தடித்த திரைச்சீலையும் மெத்தை வைத்த சோபாவும் இருக்கிற அறையில் அதே ஸ்பீக்கர் நன்றாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள். அலெக்ஸா குடியிருக்கும் ஸ்பீக்கர்தான் அமேசான் எக்கோ. 2014-இல் அமெரிக்காவில் வந்த முதல் எக்கோவின் மேல்தட்டில் 7 மைக்குகள் இருந்தன: வட்டமாக ஆறு, நடுவில் ஒன்று. 2016-இல் வந்த கூகுள் ஹோம் இரண்டே மைக்குகளை வைத்துச் சமாளித்தது. ஒவ்வொன்றும் சிலிக்கானில் செதுக்கிய சின்னஞ்சிறு மைக். ஊசித் துளை வழியே வரும் காற்றழுத்தம் உள்ளே ஒரு மெல்லிய சவ்வை அசைக்கிறது, அந்த அசைவில் மின்தேக்குத் திறன் மாறுகிறது, அந்த மாற்றமே மின்குறியாக வெளியே வருகிறது. எக்கோவின் மேலே கூர்ந்து பார்த்தால் அந்தத் துளைகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ அடைத்தால் அந்த மைக் மந்தமாகும். அடுப்பருகே வைத்த ஸ்பீக்கர் நாளடைவில் காது மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும்; ஊசியை நுழைத்தால் சவ்வு கிழிந்துவிடும்.

பல மைக்குகள் என்ன செய்கின்றன? இரண்டு மைக்குகளுக்கு இடையே 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பக்கவாட்டில் இருந்து பேசினால், ஒரு மைக்குக்கும் மற்றதற்கும் 0.2 மில்லி விநாடி வித்தியாசத்தில் குரல் வந்து சேரும். பேச்சை அறியும் கருவிகள் வழக்கமாக ஒலியை விநாடிக்கு 16,000 முறை அளந்து, அத்தனை மாதிரிகள் எடுக்கின்றன; அந்தக் கணக்கில் இது 3 மாதிரி அளவு தாமதம். அந்தத் தாமதத்தை அளந்தாலே குரல் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் அந்த அளவுக்குத் தள்ளிவைத்துக் கூட்டினால், அந்தத் திசையில் இருந்து வந்த குரல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி வலுவாகும். மற்ற திசைகளில் இருந்து வந்தவை பொருந்தாமல் நீர்த்துப் போகும். காதருகே கையைக் குவித்துக் கேட்பதைப் போன்ற வேலை, ஆனால் கை அசையாமல் கணக்கிலேயே நடக்கிறது. எக்கோவின் நீல வளையத்தில் ஒரு பகுதி மட்டும் வெளிர் நீலமாகப் பளிச்சிடும், கவனித்திருப்பீர்கள். பேசுபவர் அந்தப் பக்கம் இருக்கிறார் என்று கருவி கணித்ததன் அடையாளம் அது. நீங்கள் பேசும்போது அந்த வெளிச்சம் டிவியைக் காட்டினால், அது உங்களைக் கேட்கவில்லை என்று பொருள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒழுங்கற்ற இரைச்சலில் 7 மைக்குகளைக் கூட்டினால் கோட்பாட்டின்படி கிடைக்கும் ஆதாயம் சுமார் 8 டெசிபல். சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் 60 டெசிபல். 3 மீட்டரில் அது 50 ஆகிவிடும். மிக்சியோ பக்கத்தில் 85 டெசிபல் வரை போகும். அடுத்த அறையில் ஓடினாலும் 70-ஐ ஒட்டி வந்து சேரலாம். 20 டெசிபல் பள்ளத்தை 8 டெசிபலால் நிரப்ப முடியாது. கத்துவதும் பெரிதாக உதவாது, ஏனென்றால் கத்தும்போது குரலின் வடிவமே மாறிவிடுகிறது. மிக்சியை நிறுத்தலாம், அல்லது ஸ்பீக்கருக்கு மிகக் கிட்டே போகலாம். வேறு வழியில்லை.

ஸ்பீக்கர் தானே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது நம் குரலைக் கேட்பது இதைவிட அழகான தந்திரம். மைக்குகளுக்கு ஒரு சாண் தூரத்தில், நம் குரலைவிடப் பல மடங்கு பலமாக அதன் பாட்டு ஒலிக்கிறது. ஆனால் என்ன பாட்டை வெளியே அனுப்பினோம் என்று கருவிக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த ஒலி அறையில் பட்டுத் திரும்பி மைக்கில் எப்படி வந்து விழும் என்பதை ஒரு வடிகட்டி இடைவிடாமல் கணித்து, மைக் ஒலியில் இருந்து கழித்துக்கொண்டே இருக்கிறது. கழித்தபின் மிஞ்சுவது நம் குரல். யாராவது எழுந்து நடந்தாலும், கதவைச் சாத்தினாலும் எதிரொலியின் பாதை மாறும். வடிகட்டி சட்டென்று தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இது எங்கே பிசகும் என்பதும் இதில் இருந்தே தெரிகிறது. ஒலியளவை உச்சத்தில் வைத்தால் ஸ்பீக்கர் ஒலியைச் சிதைத்து வெளியிடும். சிதைந்த ஒலி அனுப்பிய ஒலியோடு பொருந்தாததால் கழித்தல் சரியாக வராது. எக்கோவை புளூடூத் வழியாக வேறொரு பெரிய ஸ்பீக்கரோடு இணைத்தால், ஒலி தாமதமாகவும் வேறிடத்தில் இருந்தும் வருவதால் கணக்கு தடுமாறும். டிவியின் சத்தமோ கழியவே கழியாது, ஏனென்றால் டிவி அடுத்து என்ன ஒலிக்கப் போகிறது என்று ஸ்பீக்கருக்குத் தெரியாது. டிவிக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரை வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதைவிட மோசமான இடம் வேறில்லை.

சுத்தம் செய்த ஒலி அடுத்ததாக விழிப்புச் சொல்லை, அதாவது கருவியை எழுப்பும் சொல்லைத் தேடும் பகுதிக்குப் போகிறது. இது முழுக்கப் பெட்டிக்குள்ளேயே நடக்கும் வேலை. ஒலியை 25 மில்லி விநாடித் துண்டுகளாக, அதாவது 400 மாதிரிகள் வீதம் எடுத்து, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை நகர்த்தி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று பார்க்கிறார்கள். அந்த எண்களை ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்ற கணினி நிரல்) வாங்கி, "இப்போது கேட்டது அலெக்ஸா என்ற சொல்லாக இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்று மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் விளக்கு எரியும். வரம்பைத் தாழ்த்தினால் கூப்பிடாமலே விழிக்கும். உயர்த்தினால் கூப்பிட்டும் விழிக்காது. இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க முடியாது. வீட்டில் அலெக்ஸ் என்றோ அலெக்ஸாண்டர் என்றோ பிள்ளை இருந்தால் தினமும் தொல்லைதான். எக்கோ, அமேசான், கம்ப்யூட்டர் என்ற மாற்றுச் சொற்களில் ஒன்றை அமைப்புகளில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

விழித்த பிறகுதான் ஒலி இணையத்துக்குப் போகிறது. அப்போதும் விழிப்புச் சொல்லுக்கு முந்தைய சுமார் அரை விநாடி ஒலியும் சேர்ந்தே போகும். பெட்டியின் நினைவகத்தில் கடைசிச் சில விநாடிகள் எப்போதும் சுழன்று அழிந்துகொண்டே இருப்பதால் இது முடிகிறது. அந்த முன்பகுதியை வைத்து, பெரிய கணினிகள் மறுபடி ஒருமுறை சரிபார்க்கின்றன. இந்த இரண்டாம் சோதனை ஏன் தேவை என்பதை 2017 ஏப்ரலில் பர்கர் கிங் நிறுவனம் உலகத்துக்கே காட்டியது. அதன் டிவி விளம்பரத்தில் ஒருவர் "ஓகே கூகுள்" என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்க, பார்த்தவர்களின் வீடுகளில் இருந்த கூகுள் ஹோம் கருவிகள் விழித்துப் பதில் சொல்லத் தொடங்கின. கூகுள் அன்றைக்கே அந்த ஒலிப்பதிவைத் தடுத்தது. இப்போது விளம்பரங்களின் ஒலியைக் கைரேகை போலப் பதிந்துவைத்து ஒப்பிடுகிறார்கள். ஒரே ஒலி ஒரே நேரத்தில் பல வீடுகளில் இருந்து வந்தாலும் அது மனிதர் கூப்பிட்டதல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நாம் பேசி முடித்துவிட்டோம் என்று கண்டுபிடிப்பதும் ஒரு தனி வேலை. பேச்சு நின்று சிறிது நேரம் மௌனம் நீடித்தால் முடிந்தது என்று கொள்ளும். யோசித்து யோசித்துப் பேசினால் பாதியிலேயே வெட்டிவிடும். பின்னணியில் டிவிப் பேச்சு ஓடினால் முடிவே தெரியாமல் விளக்கு எரிந்துகொண்டே நிற்கும்.

ஒலியை எழுத்தாக்கும் இடத்தில் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கூகுள் அசிஸ்டன்ட் கைபேசியில் தமிழ் கேட்கிறது. இந்தியாவுக்கு 2017-இல் வந்த அலெக்ஸாவோ இந்திய ஆங்கிலத்தோடு தொடங்கி, 2019-இல் இந்தியைச் சேர்த்துக்கொண்டது. தமிழில் ஒரு வேர்ச்சொல்லின் பின்னால் காலம், இடம், எண், வேற்றுமை எல்லாம் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான வடிவங்கள் பிறக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பயிற்சித் தரவில் கணினி ஒருமுறைகூடச் சந்தித்திருக்காது. ஆகவே முழுச் சொற்களை விட்டுவிட்டுச் சொல்லின் துண்டுகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருப்பது அடுத்த தடை. செய்தி வாசிப்பைக் கேட்டுக் கற்ற கருவி "வெச்சுட்டு வந்துர்றேன்" என்பதில் திணறும். பிழையை அளக்கும் முறையே தமிழுக்குப் பாதகமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விகுதி தவறினாலும் முழுச் சொல்லும் தவறாகக் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் எழுத்து வாரியான பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மருந்து, சாதாரண மக்கள் சாதாரணமாகப் பேசிய பதிவுகள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக்கூடம் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு அப்படிப் பதிவுகளைத் திரட்டி, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் மாதிரிகளை (மாடல்களை) யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் வாக்கியங்களை வாசித்துப் பதிவு தரலாம். திருநெல்வேலி, கோவை, யாழ்ப்பாணம், மலேசியா என்று எல்லாப் பேச்சும் அதில் சேர்ந்தால்தான் எல்லோரையும் கருவி கேட்கும். அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் தயவுசெய்து ஒதுக்குங்கள்.

எழுத்தான பிறகு நோக்கமும் விவரமும் பிரிக்கப்படுகின்றன. "ப்ளே இளையராஜா சாங்ஸ்" என்றால் நோக்கம் பாட்டுப் போடுவது, விவரம் கலைஞரின் பெயர். ஆங்கிலம் கற்ற மென்பொருள் தமிழ்ப் பாட்டின் முதல் வரியைத் தனியாகக் கேட்டால் ஏதோ ஆங்கிலச் சொல்லாக்கி விடுகிறது. படத்தின் பெயரையோ பாடியவர் பெயரையோ சேர்த்துச் சொன்னால் சாத்தியங்கள் சுருங்கி, சரியானது மேலே வருகிறது. 2025 பிப்ரவரியில் அமேசான் அறிவித்த அலெக்ஸா பிளஸ், பெரிய மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடியை இயக்குவது போன்ற மென்பொருள்களை) கொண்டு இந்தப் பகுதியைச் செய்கிறது. முன்போல வாய்ப்பாடாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் காது தவறாகக் கேட்டதை எந்த மொழி மாதிரியும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பதிவுகள் எங்கே போகின்றன என்பது நியாயமான கவலை. துல்லியத்தைக் கூட்டுவதற்காகப் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்கள் கேட்டுத் திருத்துகிறார்கள் என்பது 2019-இல் வெளியே தெரியவந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அளவுக்கு மீறி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023-இல் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. சில எக்கோ கருவிகளில் பேச்சைப் பெட்டிக்குள்ளேயே எழுத்தாக்கி, ஒலியை வெளியே அனுப்பாத வசதி இருந்தது; 2025 மார்ச் 28 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் உறுதியான காவல் மேலே உள்ள மைக் பொத்தான். அதை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக்குகளின் மின்சுற்றே துண்டிக்கப்பட்டுவிடும். ஜன்னலோரத்தையும் தவிருங்கள். மைக்கின் சவ்வு மேல் லேசர் ஒளியை ஏற்ற இறக்கத்தோடு பாய்ச்சி, 110 மீட்டர் தொலைவில் இருந்து சத்தமே இல்லாமல் கட்டளை இட முடியும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளரும் 2019-இல் செய்தே காட்டினார்கள்.

வைக்கும் இடம்: சுவரில் இருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி, மேசை உயரத்தில், டிவியைவிட நீங்கள் உட்காரும் இடத்துக்குக் கிட்டே. டேபிள் ஃபேன் காற்று நேராக மேலே படக் கூடாது. துளைகளில் காற்று மோதினால் பிறக்கும் தாழ்ந்த இரைச்சல் குரலை அமுக்கிவிடும். அலமாரித் தட்டுக்குள் செருகி வைப்பதும் வேண்டாம், பெட்டிக்குள் பேசியது போல எதிரொலிக்கும்.

அப்படியும் தவறினால், எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்க வழி செயலியிலேயே இருக்கிறது. அலெக்ஸா செயலியில் மோர், அதில் அலெக்ஸா பிரைவசி, அதில் ரிவியூ வாய்ஸ் ஹிஸ்டரி என்று போங்கள். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எழுத்தாகவும், ஒலியாகவும் இருக்கும். ஒலியைப் போட்டுக் கேளுங்கள். உங்கள் குரலே குகைக்குள் இருந்து வருவது போலக் கேட்டால், கோளாறு அறையிலும் இடத்திலும். குரல் தெளிவாக இருந்து எழுத்து மட்டும் தப்பென்றால், மொழி அமைப்பை மாற்றிப் பாருங்கள், பெயர்களைக் கூடுதல் விவரத்தோடு சொல்லுங்கள். எழுத்தும் சரி, செய்ததுதான் தப்பு என்றால், அந்த வேலைக்கென்று ரொட்டீன் பகுதியில் உங்களுக்கு வசதியான ஒரு சொற்றொடரைத் தட்டச்சு செய்து, நடக்க வேண்டியதை அதோடு இணைத்துவிடலாம். பார்த்து முடித்ததும் அதே பக்கத்தில் பதிவுகளை அழிக்கவும் முடியும்.